விடுமுறையற்ற ஒரு புரட்சி நாள்

ஆண்டுதோறும் ஜூலை மாதம் 23ஆம் தேதி எகிப்து தேசத்தில் அரசாங்க விடுமுறை. 1952ஆம் வருஷம் அந்நாளில் அங்கு நிகழ்ந்த புரட்சியை நினைவுகூரும் பொருட்டு அலுவலகங்கள் மூடப்படுகின்றன. ஆட்சித் தலைவர் ஜனங்களுக்கு உரையாற்றுகிறார். நம் சிங்கப்பூரிலோ, 1943ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 21ஆம் தேதி, ஹேண்டி ரோட்டிலுள்ள கேத்தே மாளிகையில், சுதந்திர இந்தியாவின் தற்காலிக சர்க்கார் பிரகடனம் செய்யப்பட்டது. அந்தச் சர்க்காருக்குப் பணமும் நகையும் ஆளும் கொடுத்தவர்களில் பெருந்தொகையினர் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த தமிழர். ஆயினும் அந்நாளுக்கு இங்கே விடுமுறை இல்லை, இந்தியாவிலும் இல்லை. அக்டோபர் 21 வரும்போது சிராங்கூன் ரோடு பெரும்பாலும் தீபாவளி விளக்குகளால் ஒளிர்ந்துகொண்டிருக்கும். தேக்காவில் துணி வாங்கும் கூட்டத்தில், இன்று என்ன நாள் என்று கேட்டால் சொல்லக்கூடியவர் எத்தனை பேர்?

இவ்விரு நாட்களையும் அருகருகே வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். எகிப்தியர் நாளைக் கொண்டாடுகின்றனர், நாம் மறந்துவிட்டோம் என்று ஒப்பாரி வைப்பதற்காக இதை எழுதவில்லை. ஒரு புரட்சி நாளை எவ்வாறு மதிப்பிடுவது, எவ்வாறு நினைப்பது என்பதே நம் கேள்வி. தோட்டத்து எழுத்தர் வேலை பார்த்துக்கொண்டு, ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வந்து போகும் நமக்கு, இக்கேள்வி வெறும் புத்தகக் கேள்வி அன்று என்பது பின்னே விளங்கும்.

முதலில் எகிப்தின் கதையைச் சுருக்கமாகக் காண்போம்.

1952ஆம் வருஷம் ஜூலை 23ஆம் தேதி அதிகாலையில், 'சுதந்திர அதிகாரிகள்' என்று தம்மை அழைத்துக்கொண்ட இளம் ராணுவ அதிகாரிகள் கெய்ரோ நகரின் ராணுவத் தலைமையகத்தைக் கைப்பற்றினர். அவர்களுடைய உண்மையான தலைவர் கமால் அப்துல் நாசர். ஜனங்கள் அறிந்த முகமாக முன்னே நின்றவர் ஜெனரல் முகம்மது நகீப். அன்று காலை ரேடியோவில் அறிக்கையை வாசித்தவர் அன்வர் சாதாத். மூன்று நாட்களுக்குப் பின், ஜூலை 26ஆம் தேதி, பாரூக் மன்னர் முடி துறந்து அலெக்ஸாண்டிரியாத் துறைமுகத்திலிருந்து கப்பலேறினார். 1953ஆம் வருஷம் ஜூன் 18ஆம் தேதி எகிப்து குடியரசாயிற்று. 1956ஆம் வருஷம் ஜூலை 26ஆம் தேதி நாசர் சூயஸ் கால்வாயைத் தேசவுடைமை ஆக்கினார். மலாயா ரப்பர் ஐரோப்பாவுக்குப் போன வழி அக்கால்வாய். நம் துரைமார் வந்த வழியும் அதுவே. ஆகவே அந்தப் புரட்சி நம் தோட்டங்களுக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

இவையெல்லாம் அரண்மனைச் செய்திகள். கலப்பை பிடித்தவனுக்கு என்ன கிடைத்தது? அக்காலத்தில் எகிப்தின் நிலவுடைமையாளரில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானோர் கையில் சாகுபடி நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தது. புரட்சி அரசு ஜூலை முடிவதற்குள் 'பாஷா', 'பே' என்னும் பட்டங்களை ஒழித்தது. செப்டம்பர் 9ஆம் தேதி நிலச் சீர்திருத்தச் சட்டம் பிறந்தது. ஒருவர் 200 ஃபெத்தானுக்கு மேல் நிலம் வைத்திருத்தல் கூடாது என்பது அதன் சாரம். ஃபெத்தான் என்பது ஏறக்குறைய ஒரு ஏக்கர். எஞ்சிய நிலம் சிறு குடியானவர்க்குப் பகிர்ந்தளிக்கப்பட வேண்டும். குத்தகைக்கும் உச்சவரம்பு உண்டு. நிலம் பெற்றவர் தொகை ஜனத்தொகையில் சிறு பங்கே. எனினும், ஜமீன்தார் முன்னே குனிந்து நின்றவன் நிமிர்ந்து நிற்கச் சட்டம் இடங்கொடுத்தது. எகிப்தியக் குடியானவன் ஜூலை 23ஐத் தன் நாளாக எண்ணுவானாயின், காரணம் பாரூக் மன்னரின் கப்பல் அன்று, இந்தச் சட்டமே.

ஆனால் கணக்கில் மற்றொரு பக்கமும் உண்டு. அதே 1952ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், அலெக்ஸாண்டிரியாவுக்கு அருகே காபிர் எல் தவ்வார் என்னும் ஊரின் நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். புதிய அரசு தங்கள் அரசு என்று நம்பி, நகீபின் பெயரை வாழ்த்தி முழங்கியவர்கள் அவர்கள். ராணுவம் வந்தது. தொழிலாளர் சிலர் சுடப்பட்டு மாண்டனர். ராணுவ நீதிமன்றம் கூடியது. முஸ்தபா கமீஸ், முகம்மது அல்-பகரி என்னும் இரு தொழிலாளர் செப்டம்பர் 7ஆம் தேதி தூக்கிலிடப்பட்டனர். வாசகர்கள் தேதியைக் கவனிக்க வேண்டும். தூக்கு செப்டம்பர் 7. நிலச் சட்டம் செப்டம்பர் 9. குடியானவனுக்கு நிலம் கொடுத்த கையே இரு நாட்களுக்கு முன் ஆலைத் தொழிலாளியின் கழுத்தில் கயிற்றை மாட்டியது. ஜூலை 23 கொண்டாட்டத்தில் செப்டம்பர் 9ஐப் பற்றிப் பேசுவோர் பலர். செப்டம்பர் 7ஐப் பற்றிப் பேசுவோர் சிலரே.

விடுமுறை நாட்கள் ஆள்வோரைப் பொறுத்தவை என்பதற்கு அரபு நாடுகளே சான்று. லிபியாவில் 1969ஆம் வருஷம் செப்டம்பர் முதல் தேதி நடந்த புரட்சியின் நாள் நாற்பதாண்டுக்கு மேல் பெருவிழாவாகக் கொண்டாடப்பட்டது. 2011இல் கடாபியின் ஆட்சி வீழ்ந்ததும் அந்நாள் நாட்காட்டியிலிருந்து நீங்கிற்று. பிப்ரவரி 17 அதன் இடத்தைப் பெற்றது. ஈராக்கில் பாத் கட்சியார் 1968ஆம் வருஷத்து ஜூலை 17ஐக் கொண்டாடினர். 2003இல் அதுவும் மறைந்தது. எகிப்திலேயே 2011க்குப் பின் ஜனவரி 25 மற்றொரு புரட்சி நாளாகச் சேர்ந்தது. ஆகவே, சர்க்கார் விடுமுறை கொடுத்ததனால் ஒரு நாள் பெருமையடைவதுமில்லை, கொடாததனால் சிறுமையடைவதுமில்லை. அந்நாளின் இரு பக்கக் கணக்கையும் பார்ப்பதே அறிவுடையோர் செயல்.

நிற்க. இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம்.

1942ஆம் வருஷம் பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. இரு நாட்களுக்குப் பின், பிப்ரவரி 17ஆம் தேதி, ஃபேரர் பார்க் மைதானத்தில் ஏறக்குறைய 45,000 இந்தியச் சிப்பாய்கள் கூட்டப்பட்டனர். ஆங்கில அதிகாரி அவர்களை ஜப்பானிய மேஜர் புஜிவாராவிடம் ஒப்படைத்தார். புஜிவாரா அவர்களைக் காப்டன் மோகன் சிங்கிடம் ஒப்படைத்தார். இந்திய தேசிய ராணுவத்தின் முதல் வித்து அம்மைதானத்திலேயே ஊன்றப்பட்டது. ரேஸ் கோர்ஸ் ரோட்டில் வாழையிலையில் சோறுண்டு வருவோர் சில நிமிஷம் நடந்தால் அவ்விடத்தை அடையலாம். ஜப்பானியரோடு மாறுபட்டதனால் மோகன் சிங் அவ்வருஷம் டிசம்பரில் சிறைப்பட்டார். முதல் ராணுவம் கலைந்தது.

1943ஆம் வருஷம் ஜூலை 2ஆம் தேதி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். 4ஆம் தேதி கேத்தே மாளிகையில் முதியவர் ராஷ் பிகாரி போஸ் இந்திய சுதந்திர லீகின் தலைமையை அவரிடம் ஒப்புவித்தார். 5ஆம் தேதி பாடாங் மைதானத்தில், நகரசபை மாளிகையின் முன்னே, படை அணிவகுத்தது. அக்டோபர் 21இல் தற்காலிக சர்க்கார் பிரகடனமாயிற்று. மறுநாள் ஜான்சிராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து வந்து இங்கே வைத்தியம் செய்துகொண்டிருந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் அப்படைக்குத் தலைவியானதோடு, அந்தச் சர்க்காரில் மந்திரியாகவும் அமர்ந்தார். பிரசார மந்திரியாக எஸ். ஏ. ஐயர் இருந்தார். இரண்டொரு நாட்களுக்குள் அச்சர்க்கார் பிரிட்டன் மீதும் அமெரிக்கா மீதும் யுத்தப் பிரகடனம் செய்தது.

இதனால் தோட்டத் தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? எகிப்தியக் குடியானவனைப் பற்றிக் கேட்ட கேள்வியை இங்கும் கேட்போம்.

யுத்தத்துக்கு முந்திய தோட்டத்தை வாசகர் மனத்திற்கொள்ள வேண்டும். 1941ஆம் வருஷம் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் கேட்டவை எவை? சீனத் தொழிலாளர்க்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, நல்ல வைத்தியம், கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களின் மானத்துக்குப் பாதுகாப்பு, சங்கம் அமைக்கும் உரிமை. அவற்றோடு இன்னொன்றும் கேட்டனர். துரையையோ, தோட்டத்து ஆசிய உத்தியோகஸ்தரையோ வழியிற் கண்டால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது அது. ஆசிய உத்தியோகஸ்தர் என்றால் யார்? கிராணிமாரும் அவரில் அடங்குவர். ஆங்கிலப் பள்ளியிற் படித்த நாமும் நம்மைப் போன்றோருமே! அவ்வேலைநிறுத்தத்தை அடக்கத் துருப்புகள் வந்தன. ஐந்து தொழிலாளர் சுடப்பட்டு இறந்தனர். தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் கைதாகி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

இத்தகைய வாழ்விலிருந்து வந்தவன் 1943இல் ராணுவ உடை அணிந்தான். அங்கே சாதிக்கொரு பந்தி இல்லை. மதத்துக்கொரு சமையல் இல்லை. அனைவரும் ஒரே உலையில் வெந்ததை உண்டனர். ஜான்சிராணிப் படையில் சேர்ந்தவர்களிற் பெரும்பாலோர் மலாயாவிலேயே பிறந்து வளர்ந்த பெண்கள். இந்தியாவை ஒரு நாளும் கண்ணாற் கண்டிராதவர்கள். வெட்டுக்கத்தியைத் தவிர வேறு ஆயுதம் அறியாத கைகள் துப்பாக்கி பிடித்தன. பணக்கார வீட்டுப் பெண்ணும் பால் வெட்டும் பெண்ணும் ஒரே வரிசையில் நின்றனர். அப்படையில் அதிகாரியாக விளங்கிய ஜானகி தேவர் பிற்காலத்தில் ஜானகி ஆதி நாகப்பன் என்ற பெயரோடு மலேசியப் பொதுவாழ்வில் நெடுங்காலம் தொண்டாற்றி 2014இல் மறைந்தார். பெண்ணுக்கு அடுப்பங்கரையே உலகம் என்று உபதேசித்தவர்களுக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி வேண்டுமா?

டாங்க் ரோடு செட்டியார் கோயிலைப் பற்றி, சுபாஷ் போஸின் உடனிருந்த அபித் ஹசன் நினைவுகூர்ந்து சொல்லியிருப்பதும் இங்கே குறிக்கத்தக்கது. நிதி அளிக்க விரும்பிய கோயிலார் போஸை அழைத்தனர். எல்லாச் சாதியாரும் எல்லா மதத்தாரும் உள்ளே வரலாம் என்றாலன்றித் தாம் வருவதில்லை என்று அவர் மறுத்தார். கோயிலார் இசைந்தனர். முஸ்லிம்களாகிய அபித் ஹசனும் கியானியும் அவருடன் கோயிலினுள் சென்றனர். கோயில் நுழைவுக்காக நம் சீர்திருத்தக்காரர் எத்தனையோ ஆண்டுகள் மேடையேறிப் பேசிய காலம் அது. விடுதலை என்பது வெள்ளையன் போவது மட்டுமன்று என்பதை அன்று கோயில் வாசலில் நின்றவர்கள் கண்ணாரக் கண்டனர்.

இவை வரவுப் பக்கம். பற்றுப் பக்கத்தை மறைத்து விழாக் கொண்டாடுவது நேர்மையன்று.

ரப்பர் ஏற்றுமதி நின்றதனால் தோட்டங்களில் வேலை இல்லை. அரிசி அருகி, மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. அத்தருணத்தில் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட ஆள் தேடினர். நல்ல கூலி உண்டு, அரிசி உண்டு, சில மாதத்தில் திரும்பலாம் என்று முதலில் ஆசை காட்டினர். பிறகு தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்குக் கேட்டனர். இறுதியில் வழியிற் கண்டவரையெல்லாம் லாரியில் ஏற்றினர். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டோர் 75,000க்கு மேற்பட்டோர். அவர்களிற் பெரும்பான்மையோர் தோட்டத் தமிழர். காடும் மழையும் பட்டினியும் அடியும் போதாவென்று 1943ஆம் வருஷம் காலரா பரவியது. பல பதினாயிரம் பேர் திரும்பவேயில்லை. அப்பாதையில் வேலை செய்த நேசநாட்டு யுத்தக் கைதிகள் 60,000க்கு மேல்; மாண்டோர் 12,000க்கு மேல். அவர்களில் ஏறக்குறைய 7,000 பேருக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் உள்ளன. ஒவ்வொரு கல்லும் ஒழுங்காகப் பேணப்படுகிறது. தமிழனுக்கு அத்தகைய பெயர் பொறித்த கல் இல்லை. யார் யார் மாண்டனர் என்ற முழுப் பட்டியலும் இல்லை.

அந்தப் பாதையின் இரு முனைகளும் ஒன்று சேர்ந்த தேதி எது? 1943ஆம் வருஷம் அக்டோபர் 17. கேத்தே மாளிகையில் பிரகடனம் நிகழ்ந்தது அக்டோபர் 21. பாதையின் திறப்பு விழா அக்டோபர் 25. எகிப்தில் செப்டம்பர் 7உம் 9உம் போல, இங்கே 17உம் 21உம் 25உம் ஒரே பத்து நாட்களுக்குள் அடங்கியிருக்கின்றன. சுதந்திர சர்க்காரை அங்கீகரித்த ஜப்பானே அந்தச் சர்க்காரின் பிரஜைகள் எனத்தக்க ஏழைகளைக் காட்டில் சாகவிட்டது. லீக் அதைத் தடுத்து நிறுத்த முடியவில்லை. சயாமுக்குப் பிடித்துப் போகாமல் தப்பும் பொருட்டே ராணுவத்திற் சேர்ந்தோரும் உண்டு. வீரமும் பயமும் ஒரே தோட்டத்திலிருந்து ஒரே லாரியில் ஏறின என்பதே உண்மை.

இங்கே நம் குடும்பத்துச் செய்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் பாட்டனாரின் தந்தையார் ஜொகூரில் ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். அவர் லீகில் அங்கத்தினர் என்பதும், பூட்டியார் தம் கழுத்துச் சங்கிலியைச் சுதந்திர நிதிக்குக் கழற்றிக் கொடுத்தார் என்பதும் நம் வீட்டில் பெருமையாக வழங்கிவந்த கதை. சிறு வயது முதல் நாம் அதைக் கேட்டு வளர்ந்தோம். பள்ளிக் கட்டுரையிலும் எழுதினோம். சில ஆண்டுகளுக்கு முன், அக்காலத்தில் பத்து வயதுச் சிறுமியாக இருந்த நம் அத்தைப் பாட்டியார், மரணப் படுக்கையில் மற்றொன்றைச் சொன்னார். சயாமுக்கு ஆள் அனுப்பக் கணக்குக் கேட்டபோது பெயர்ப் பட்டியலை எழுதியவரும் அவரே என்பது அது. குடும்பமில்லாதவர்களை முதலில் எழுதினாராம். பிறகு கேட்ட தொகை போதாமையால் குடும்பஸ்தர்களையும் எழுதினாராம். அன்றிரவு லயத்துப் பெண்கள் வீட்டு வாசலில் வந்து நின்று அழுதார்களாம். அவர் கதவைத் திறக்கவில்லையாம்.

எழுதாவிட்டால் அவருக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை நாம் அறிவோம். சமாதான காலத்து நாற்காலியில் அமர்ந்து அவரைக் குற்றவாளியாக்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் சங்கிலி கொடுத்த கதையை மட்டும் மூன்று தலைமுறை சொல்லிவந்தோம். பட்டியல் எழுதிய கதையை ஒருவரும் சொல்லவில்லை. இது நம் வீட்டுக்கு மட்டும் உரிய வழக்கமா? வரவை மட்டும் படித்துக் காட்டிப் பற்றை மூடிவைப்பது எகிப்தின் அரசாங்கத்துக்கும் உண்டு. நம் சங்கங்களுக்கும் உண்டு.

அக்டோபர் 21க்குச் சிங்கப்பூரில் ஏன் விடுமுறை இல்லை என்பதும் இப்போது விளங்கும். 1942 பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் ஜப்பானியர் இந்நகரின் சீனர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொன்றனர். பீச் ரோட்டில் 1967இல் திறக்கப்பட்ட பொதுமக்கள் யுத்த நினைவுச் சின்னத்தின் நான்கு தூண்களும் நான்கு இனத்தாரின் துயரத்தைக் குறிப்பன. ஜப்பானியர் துணையோடு பிறந்த ஒரு சர்க்காரின் நாளை அண்டை வீட்டுச் சீனர் எப்படிக் கொண்டாடுவர்? பல இனத்தார் கூடி வாழும் நாடு பொதுவான நாட்களையே விடுமுறையாக வைக்க இயலும். தைப்பூசமே 1968இல் விடுமுறைப் பட்டியலிலிருந்து நீங்கவில்லையா? ஆகவே விடுமுறை கேட்டு விண்ணப்பம் எழுதுவது நம் நோக்கமன்று.

எனினும் நினைவை ஒருவர் அழிப்பதும் வேறொருவர் மீட்பதும் இந்நகரிலேயே நடந்திருக்கின்றன. 1945ஆம் வருஷம் ஜூலை 8ஆம் தேதி எஸ்பிளனேடில், மாண்ட வீரருக்கான நினைவுச் சின்னத்துக்குப் போஸ் அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்னும் பொருளுடைய மூன்று ஹிந்துஸ்தானிச் சொற்கள் அதில் பொறிக்கப்பட்டன. செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் அதை வெடி வைத்துத் தகர்த்தனர். ஐம்பதாண்டுக்குப் பின், 1995இல், சிங்கப்பூர் அரசு யுத்தகால இடங்களைக் குறித்தபோது அவ்விடத்திலும் ஓர் அடையாளத்தை நாட்டியது. 2018ஆம் வருஷம் அக்டோபர் 21இல், எழுபத்தைந்தாம் ஆண்டு நிறைவை முன்னிட்டு, தில்லிச் செங்கோட்டையில் பிரதமர் நரேந்திர மோடி கொடியேற்றினார். தலைவர்களின் நினைவு மெல்ல மெல்ல மீண்டுவருகிறது, அதில் குறைவில்லை.

குறை வேறிடத்தில் உள்ளது. ராணுவத்திலிருந்து தோட்டத்துக்குத் திரும்பியவர்கள் பழைய ஆட்களாகத் திரும்பவில்லை. 1946, 1947ஆம் வருஷங்களில் மலாயாத் தோட்டங்களில் எழுந்த சங்கங்களில் அவர்கள் முன்னணியில் நின்றனர். கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்துப் போராடியது. துரையைக் கண்டு சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கத்தின் வேர் ஆட்டங்கண்டது. இந்திய தேசிய ராணுவத்தில் பயிற்சியாளராக இருந்த எஸ். ஏ. கணபதி மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். ஒரு துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949ஆம் வருஷம் மே 4ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். எகிப்தின் கமீஸும் பகரியும் போல அவரும் விழா மேடைகளில் அதிகம் பேசப்படாதவர். அக்டோபர் 21 தோட்டத் தொழிலாளிக்குக் கொடுத்த நிலச் சட்டம் என்று ஒன்று உண்டானால், நிமிர்ந்து நின்று கூலி கேட்கும் துணிவே அது. அதைக் கொண்டுவந்தவர்களின் பெயர்களையும், சயாமிற் புதைந்தவர்களின் பெயர்களையும் நாம் தொகுக்கவில்லை.

ஆகவே வாசகர்களுக்கு நாம் செய்துகொள்ளும் விண்ணப்பம் இதுவே. வரும் அக்டோபர் 21ஆம் தேதி மாலை, வேலை முடிந்ததும், எஸ்பிளனேடிலுள்ள அடையாளத்தின் முன் சிறிது நேரம் நில்லுங்கள். தோட்டத்தில் இருப்போர் கோயில் மண்டபத்திலோ சங்கக் கட்டடத்திலோ கூடுங்கள். மாலையும் மேடையும் வேண்டா. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். உங்கள் குடும்பத்திலிருந்து ராணுவத்துக்குப் போனவர் யார், சயாமுக்குப் போனவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஊர், திரும்பினாரா என்று எழுதுங்கள். பட்டியல் எழுதியவர், ஆள் பிடித்துக் கொடுத்தவர் உங்கள் வீட்டிலும் இருந்திருந்தால் அதையும் எழுதுங்கள். முதியோர் உயிரோடிருந்தால் அவர்கள் குரலைப் பதிவு செய்யுங்கள். சிங்கப்பூரில் 1979இல் தொடங்கப்பட்ட வாய்மொழி வரலாற்று நிலையம் ஜப்பானியர் காலத்தை வாழ்ந்தறிந்தோரின் பேச்சுக்களைச் சேகரித்து வைத்திருக்கிறது. அதைக் கேட்டால் என்ன கேள்வி கேட்பது, எப்படிக் கேட்பது என்பது விளங்கும். அக்காலத்தைக் கண்ணாற் கண்டவர் இப்போது மிகச் சிலரே. அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுதற்கில்லை.

கிராணியின் அன்றாட வேலையே பெயர் எழுதுவதுதான். காலைப் பெரட்டில் வந்தவர் யார், வராதவர் யார் என்று நாமும் நாள்தோறும் குறித்து வருகிறோம். நம் பூட்டனார் எழுதிய அந்தப் பட்டியலைத் தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. அத்தைப் பாட்டியாரின் ஞாபகத்திலிருந்து பதினொரு பெயர்களை எழுதி வைத்திருக்கிறோம். அவற்றில் நான்கு வெறும் கூப்பிடு பெயர்கள். தகப்பன் பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. லாரியில் ஏறியவர்கள் நாற்பது பேருக்கு மேல் என்று அவர் சொன்னார். மற்றப் பெயர்கள் எந்த வீட்டில், யார் நினைவில் இருக்கின்றனவோ!